கேய்கோ சானின் பாட்டை நான் பாடிய மதியம்

சனிக்கிழமை காலை 10.40. மொன்றியலை ஒட்டிய லவாலின் மோன்மொரான்சி மெட்ரோ நிலையத்தில் நிற்கிறோம். வெளியே மைனஸ் பதினெட்டு டிகிரி. டொரான்டோவிலிருந்து 540 கிலோமீட்டர் ரயிலில் வந்து முந்தின நாள் மாலைதான் இறங்கியிருந்தோம், நானும் என் கணவர் செந்திலும் பதின்மூன்று மாத மகள் மீராவும். எதற்கு இந்தப் பயணம் என்று கேட்டவர்கள் எல்லோரும் பதிலைக் கேட்டபின் இன்னொரு முறை கேட்டார்கள். நான் கரோக்கே பாட வந்திருந்தேன். அதுவும் ஜப்பானிய மொழியில்.

லவாலில் எங்களைத் தங்கவைத்திருந்த வாணி அக்கா, செந்திலின் நண்பருடைய மனைவி, யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "ஜப்பான்காரருக்கு ஜப்பான் பாட்டுப் பாடிக் காட்டப் போறீரோ? நல்ல துணிவுதான். பிள்ளையை விட்டிட்டுப் போம், நான் பாக்கிறன்."

"இல்லக்கா, புது இடம், அழுவா."

"அழுதா அழட்டும். எங்கட வீட்டில மூண்டு பேர் அழுதுதான் வளந்தவை."

நான் மறுத்துவிட்டேன். மெட்ரோவில் ஏறியதும், விட்டுவிட்டு வந்திருக்கலாமோ என்று தோன்றியது. மூன்று நிலையங்கள் தாண்டியதும், நல்லவேளை விடவில்லை என்று தோன்றியது. மொன்றியல் மெட்ரோவுக்கு ரப்பர் சக்கரங்கள்; கதவு மூடுவதற்குள் மூன்று சுரங்கள் ஒலிக்கின்றன. மீரா ஒவ்வொரு நிலையத்திலும் அந்தச் சுரங்களுக்காகக் காத்திருந்தாள்.

11.25. பெர்ரி நிலையத்தில் பச்சைத் தடத்துக்கு மாறினோம். மெகில் நிலையத்தில் செந்திலும் மீராவும் இறங்கினார்கள். அங்கிருந்து நிலத்தடியில் கடைகள் கிலோமீட்டர் கணக்கில் நீள்கின்றன. குளிருக்குள் தலை நீட்டாமல் தள்ளுவண்டியோடு மதியம் முழுக்கச் சுற்றலாம். மூன்று மணி நேரம் மகளைப் பிரிவது எனக்கு அதுதான் முதல் முறை.

"பன்னெண்டரைக்குப் பருப்பு சாதம். பிளாஸ்க்ல வெந்நீர் இருக்கு. ஒரு மணிக்குத் தூங்கலன்னா..."

"நித்யா, கதவு மூடப்போகுது. போய்ப் பாடு."

எனக்கு இன்னும் இரண்டு நிலையங்கள் இருந்தன.

இந்த இடத்தில் கேய்கோ சானைப் பற்றிச் சொல்ல வேண்டும்; 'சான்' என்பது ஜப்பானியர்கள் பெயரோடு சேர்க்கும் மரியாதைச் சொல். ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஜப்பானியத் தொழிற்சாலை ஒன்றில் ஐந்து ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அவர் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கேன்டீனில் கற்ற சென்னைத் தமிழை இன்றும் கூச்சமில்லாமல் பேசுவார். வெள்ளிக்கிழமை மாலைகளில் விருந்தினர் விடுதியின் கரோக்கே பெட்டியைத் திறப்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடிவரும் நான்கு பேர் கொண்ட ஒரு பாப்-ராக் குழுவின் பாடல்கள்தான் எப்போதும் முதலில். எங்கள் ஆட்கள் அவற்றுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். கைதட்டிப் பாடுவது 'கல்யாண வேன்'. மூச்சுவிட இடமில்லாமல் சொற்கள் ஓடுவது 'தாம்பரம் ஃபாஸ்ட்'. மெல்லத் தொடங்கி, கடைசிச் சரணத்தில் குரல் கூரையைத் தொடுவது 'தொண்டை கிழிச்சான்'. இந்த மூன்றாவதுதான் கேய்கோ சானின் பாட்டு. ஓர் ஆண் பாடகரின் உச்சக் குரலை, சுருதியைக் குறைக்காமல், கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். அப்போது சமோசா தட்டுக்குக்கூட யாரும் கை நீட்டமாட்டார்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் கியூபெக் மாகாணத்துக்காரர் ஒருவரை மணந்து இங்கே வந்துவிட்டார். போன ஆண்டு கழுத்துச் சுரப்பியில் அறுவை சிகிச்சை. "குரல் வந்துடுச்சு, பாட வா" என்று எழுதியிருந்தார். நம்பினேன். நம் ஊரில் ஒருவருக்குப் பிடித்த பாட்டை அவர் முன்னால் பாடுவது பெரிய மரியாதை. அதனால் அவருக்காகத் தொண்டை கிழிச்சானையே பாடுவதென்று முடிவு செய்து, பால் புட்டி கழுவும் நேரங்களில் மூன்று வாரம் பயிற்சி எடுத்தேன்.

12.00. கீ-கொங்கோர்டியா நிலையத்திலிருந்து நடந்து ஐந்து நிமிடம். கீழே நூடுல்ஸ் கடை, மாடியில் கரோக்கே அறைகள். ஆளுக்கு மணிக்கு எட்டு டாலர், ஒரு பானம் கட்டாயம். எங்கள் அறையில் சுவரை ஒட்டி நீளமான சோபா, ஒரு திரை, இரண்டு மைக். ஐந்து ஜப்பானியர்கள் இருந்தார்கள். கேய்கோ சான் மெலிந்திருந்தார். கழுத்தில் பட்டுத் துணி சுற்றியிருந்தார். "வாம்மா, குண்டாயிட்ட" என்றார். குரலில் மணல் கலந்திருந்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் மொரிதா சான், உணவகச் சமையல்காரர், எழுபது வயது இருக்கும். அவர் கல்யாண வேனைப் பாடியபோது எனக்குப் புல்லரித்தது. எங்கள் விடுதியில் கூச்சலாகக் கேட்ட பாட்டு அது. அவர் வாயில் அதே பாட்டு, நண்பனை வழியனுப்பிவிட்டுத் தனியே திரும்பி நடப்பவனின் பாட்டாக இருந்தது. இத்தனை ஆண்டுகளாக அதன் பொருள் எனக்குத் தெரியும். ஆனாலும் நான் கைதட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

12.50. என் முறை. தொடுதிரையில் பாட்டைத் தேடி அழுத்தினேன். திரையில் தலைப்பு வந்ததும் அறையில் தாளத்துக்குக் குலுக்கிக்கொண்டிருந்த கிலுகிலுப்பை நின்றது. என் மீதுள்ள மரியாதை என்று எடுத்துக்கொண்டு தொடங்கினேன். முதல் சரணம் முடிந்து இசை மட்டும் ஓடியபோதுதான் திரையின் மூலையில் 'அடுத்த பாடல்' என்ற சிறு கட்டத்தைப் பார்த்தேன். அதே தலைப்பு. பக்கத்தில் கேய்கோ சானின் பெயர்.

ஜப்பானியர்கள் ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு பாட்டு உண்டு. 'பதினெட்டாம் எண்' என்பார்கள். அவர் இருக்கும் அறையில் இன்னொருவர் அதைத் தொடமாட்டார். புதிதாக வேலையில் சேர்ந்த பொறியாளர்களுக்கு நானே இதை மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறேன். எங்கள் விடுதியில் எல்லோரும் எல்லாவற்றையும் சேர்ந்து கத்தியதால் அந்த விதிக்கு வேலையே வரவில்லை, எனக்கும் மறந்துவிட்டது.

நிறுத்தும் பொத்தானுக்குக் கை நீட்டினேன். மொரிதா சான் என் காதருகில் குனிந்தார். "பாதியில் விடாதீர்கள், அது இன்னும் மோசம்" என்று ஜப்பானிய மொழியில் சொன்னார். பிறகு இன்னொன்றும் சொன்னார்: "ஆபரேஷனுக்குப் பிறகு அவர் இன்றுதான் முதல் முறை பாடுகிறார். பாட வருமா என்று அவருக்கே தெரியாது."

கடைசிச் சரணத்தை எப்படிப் பாடினேன் என்று நினைவில்லை. உச்ச வரி மட்டும் சுத்தமாக வந்தது. வராமல் போகக் கூடாதா என்று பாடிக்கொண்டே வேண்டிக்கொண்டேன். இயந்திரம் 91 மதிப்பெண் போட்டது. கைதட்டல் அளவாக இருந்தது.

கேய்கோ சான் எழுந்தார். தொடுதிரையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். ரத்து செய்யும் கட்டத்தின் மேல் விரல் இருந்தது. பிறகு அந்த விரல் நகர்ந்து சுருதிப் பொத்தானை நான்கு முறை அழுத்தியது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு படி கீழே. வாழ்நாளில் ஒரு படிகூடக் குறைக்காதவர்.

பாடினார். பழைய குரலில் பாதிதான் இருந்தது. சொற்களின் ஓரங்கள் உதிர்ந்தன. இரண்டு இடங்களில் காற்று மட்டும் வந்தது. கடைசிச் சரணம் நெருங்க நெருங்க என் கை இரண்டாவது மைக்கை இறுக்கிக்கொண்டது. சேர்ந்து பாடிக் கை கொடுக்கலாமா, கூடாதா? ஒரு தப்பு செய்தாகிவிட்டது. இது இரண்டாவது தப்பா, இல்லை முதல் தப்புக்குப் பரிகாரமா? மற்ற நால்வரையும் பார்த்தேன். முழங்கால் மேல் கை வைத்து அசையாமல் இருந்தார்கள்.

உச்ச வரி வந்தது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. கேய்கோ சான் பாடவில்லை. மைக்கைத் தாழ்த்தவும் இல்லை. முதுகை நிமிர்த்தி, வாயருகே மைக்கை வைத்தபடி, அந்த வரி முழுவதும் நின்றார். பின்னணி இசை மட்டும் ஏறி இறங்கியது. யாரும் அந்த இடத்தை நிரப்பவில்லை. அடுத்த வரியின் முதல் எழுத்தில் மிகச் சரியாக மீண்டும் சேர்ந்துகொண்டார்.

நான் கோயில்களில் நின்றிருக்கிறேன். நயாகராவைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரி அளவு மௌனத்துக்கு முன் நின்றதுபோல் எங்கும் நின்றதில்லை.

மதிப்பெண் 68. மொரிதா சான் எழுந்து நின்று கைதட்டினார்.

2.55. படிக்கட்டில் கேய்கோ சானிடம் மன்னிப்புக் கேட்டேன், ஜப்பானிய முறையில் தலை தாழ்த்தி. அவர் தமிழில் பதில் சொன்னார்.

"எனக்குக் கோவம் வந்துச்சு. ரொம்ப. என் பாட்டு அது."

"தெரியும், கேய்கோ சான்."

"காலைல இருந்து பயம். கேன்சல் பண்ணிடலாம்னு இருந்தேன். நீ பாடின. கோவம் வந்துச்சா, பயம் போய்டுச்சு." கழுத்துத் துணியைச் சரிசெய்தார். "தேங்க்ஸ் சொல்லமாட்டேன். அடுத்த வருஷம் வா. வேற பாட்டு எடுத்துட்டு வா."

"எதை எடுக்கட்டும்?"

"நான் சொல்லக் கூடாது. அது ரூல்."

ஞாயிறு மதியம் டொரான்டோ ரயில். எங்கள் ஊர்க் கச்சேரிகளில் பாடுபவருக்குத் தொண்டை அடைத்தால் அரங்கமே அந்த வரியை எடுத்துப் பாடும். அதை அன்பு என்றுதான் பழகியிருக்கிறேன். மொன்றியலில் அந்த மாடி அறையில் நான்கு பேர் ஒரு வரியை வெறுமையாக, உரியவருக்கே விட்டுவைத்தார்கள். அதுவும் அன்பு என்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. வழியில் கார்ன்வால் ஊரைத் தாண்டும்போது மீரா இருக்கையில் நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். என் கை தானாக அவள் முதுகுக்குப் போனது. பாதி வழியில் நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டேன். அவள் ஆடினாள், சரிந்தாள், இருக்கையின் விளிம்பைப் பிடித்தாள், நின்றாள்.