வடிகட்டி மூடிக்கு ஒரு சைக்கிள் டியூப்

திங்கட்கிழமை காலை ஆறு ஐம்பத்திரண்டு. ஆய்வுக்கூடக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, கணினித் திரையின் அடியில் படுத்துக் கிடந்த ஒரு பச்சைக் கோடு. வெள்ளிக்கிழமை மாலை நான் கிளம்பும்போது அது மேலே இருந்தது. ரைன் ஆற்றங்கரையின் இந்தச் சிறு ஊரில், பிற நிறுவனங்கள் செய்யும் வினையூக்கிகளைச் சோதித்துச் சொல்வது எங்கள் வேலை. அந்த முறை எஃகுக் குழாய்க்குள் நிக்கல் மணிகளை நிரப்பியிருந்தோம். சூடான சூரியகாந்தி எண்ணெயும் ஹைட்ரஜனும் அவற்றின் மேல் இறங்கும். நிக்கலின் மேற்பரப்பில் இரண்டும் சேர்ந்து எண்ணெய் கெட்டியாகும். நம் ஊரில் வனஸ்பதி செய்வதும் இப்படித்தான். ஹைட்ரஜன் எவ்வளவு செலவாகிறது என்பதைக் காட்டுவது அந்தக் கோடு. அது படுத்துவிட்டால் நிக்கல் வேலையை நிறுத்திவிட்டது என்று பொருள்.

வினையூக்கி வினையை விரைவுபடுத்தும், தான் மாறாது என்று கல்லூரியில் படித்தேன். இங்கே வருவதற்கு முன் மதுரையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் எட்டு வருடம் பிழை திருத்தியவன் என்பதால், அந்த வாக்கியத்தையும் இப்போது திருத்தத் தோன்றுகிறது. பயன்படுத்திய நிக்கலை நுண்ணோக்கியில் பார்த்தால் அது மாறித்தான் இருக்கும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்திருக்கும், விளிம்புகள் மழுங்கியிருக்கும். மேற்பரப்பு முழுவதும் வேலை செய்வதுமில்லை. குறிப்பிட்ட சில இடங்கள்தான் செய்கின்றன. கந்தகம் வந்து அங்கே உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. பெரியார் நிலையத்தில் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அது போலத்தான். பஸ் பாதி காலியாக இருக்கும், உட்காரத்தான் இடமிருக்காது.

புதன்கிழமை பகுப்பாய்வு முடிவு வந்தது. நிக்கலில் கந்தகம் இருந்தது. எங்கள் கூடத்தின் தலைவி பிர்கிட் குரலை உயர்த்தாமல் தாரிக் பக்கம் திரும்பினார். தாரிக் அலெப்போவிலிருந்து வந்தவர், வயது நாற்பத்தொன்று, மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. அவருடைய ‘ப்ரோபெட்சைட்’, அதாவது வேலையில் நிலைக்கும் முன்னான சோதனைக்காலம், அந்த வாரத்து வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. முந்தைய சோதனையில் ஓடியது கந்தகம் கலந்த எண்ணெய். அதன்பின் குழாய்களைக் கழுவியது தாரிக். மூன்று முறை கழுவினீர்களா என்று பிர்கிட் கேட்டார். மூன்று முறை கழுவினேன் என்றார் தாரிக். கழுவியதைக் குறிக்கும் பதிவுத் தாளிலும் மூன்று டிக் இருந்தது. பிர்கிட் தலையசைத்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார். அந்தத் தலையசைப்பு நம்பிக்கையில் வந்ததல்ல என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்தது.

அதன் பிறகுதான் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. முந்தைய வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, சோதனை தொடங்கும் நேரத்தில், எண்ணெய் வடிகட்டியின் மூடி ஒழுகியது. உள்ளேயிருந்த வளையம் கிழிந்திருந்தது. புதியது திங்களன்றுதான் வரும். என் சைக்கிளின் பழைய டியூப் பையில் கிடந்தது. கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டிப் போட்டு மூடியை இறுக்கினேன். ஒழுகல் நின்றது. ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள் என்பதும், சூடான எண்ணெய் அதைக் கரைத்து எடுத்துவிடும் என்பதும் நான் படித்தவைதான். வெட்டும்போது எதுவும் நினைவுக்கு வரவில்லை. கை மட்டும் வேலை செய்தது.

அந்தக் கை பழகியது மதுரைக் காளவாசலில். என் மனைவியின் தம்பி பாண்டி அங்கே பம்புசெட் பழுது பார்க்கிறான். பத்திரிகையில் மாலை வேலைக்குப் போகும் முன் மதிய நேரங்களில் நான் அவன் கடையில் உட்கார்ந்திருப்பேன். உசிலம்பட்டிப் பக்கமிருந்து மோட்டாரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள். மும்முனை மின்சாரம் இருக்கிற சில மணி நேரத்துக்குள் அது திரும்பப் போய்த் தண்ணீர் இறைத்தாக வேண்டும். நாளைக்கு வாங்க என்று அங்கே யாரிடமும் சொல்ல முடியாது. ஒரு சாக்கு நிறையப் பழைய சைக்கிள் டியூப் இருக்கும். ஒழுகினால் டியூப், ஆடினால் டியூப், உரசினால் டியூப். நானே எத்தனையோ முறை வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

புதன் மதிய உணவு இடைவேளையில் பாண்டிக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “இதுல என்ன மச்சான் இருக்கு? ஒழுகுச்சு, நிப்பாட்டுனீக. அம்புட்டுத்தானே” என்றான். வேறொருவருக்கு வேலை போகப் போகிறது என்றேன். யார், குடும்பம் இருக்கிறதா என்று விசாரித்தான். கடையில் சுத்தியல் சத்தம் நின்றது.

“அப்பச் சொல்லிருங்க மச்சான். ஆனா பாண்டி கடையில கத்துக்கிட்டேன்னு மட்டும் சொல்லிராதீக. ஜெர்மன்காரன் எவனும் மோட்டாரத் தூக்கிட்டு காளவாசலுக்கு வரமாட்டான்.”

“வந்தா நீயும் டியூப்தானே மாப்ள போடுவ.”

“பின்ன?”

இரண்டு மணிக்கு பிர்கிட்டின் அறைக்குப் போனேன். என் ஒப்பந்தம் வருடா வருடம் அவர் கையெழுத்தில் புதுப்பிக்கப்படுவது. டியூப்பின் மிச்சத்தை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். எப்போது ஒழுகியது என்று கேட்டார். வெள்ளி மூன்று மணி என்றேன்.

“யாரிடம் சொன்னீர்கள்?”

“ஒழுகல் நின்றுவிட்டது.”

“அதைக் கேட்கவில்லை. யாரிடம் சொன்னீர்கள்?”

நான் பதில் சொல்லிவிட்டதாகவே எனக்குப் பட்டது. ஓட வேண்டிய இயந்திரம் நிற்காமல் ஓடியது. காளவாசலில் அதற்கு மேல் கேள்வி கிடையாது. இங்கே அது நின்றிருந்தால் குற்றமே இல்லை. தாளில் ஒரு வரி எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பிர்கிட் நடந்ததை எழுதித் தரச் சொன்னார். ஒன்பது வரி எழுதினேன். நாளிதழில் நாங்கள் ‘திருத்தம்’ என்று கட்டம் கட்டிப் போடும்போது பிழை செய்தவரின் பெயர் இருக்காது. இதில் மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் என் பெயரைக் கேட்டிருந்தார்கள்.

மறுநாள் டியூப் துண்டு ஒன்றைச் சூடான எண்ணெயில் போட்டுச் சோதித்தார்கள். எண்ணெயில் கந்தகம் இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை தாரிக்கின் வேலை நிரந்தரமாயிற்று. மாலையில் அவர் கை கழுவும் தொட்டியருகே வந்து நின்றார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்துத் தடுக்க ஆயத்தமானேன். அவர் கேட்டது இதுதான்: “டியூப் ஞாபகம் வருவதற்கு முன்னால், நான் மூன்று முறை கழுவினேன் என்பதை நீங்கள் நம்பினீர்களா?” குழாயை மூடினேன். இல்லை என்றேன். அவர் தலையசைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

என் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறார்கள். தனியாகச் சோதனை தொடங்கும் பொறுப்பு இப்போது எனக்கு இல்லை என்பதால் கூடத்தின் சாவியை பிர்கிட் வாங்கிக்கொண்டார். என் சாவிக்கொத்தில் மூன்று இருந்தன. இங்குள்ள குடியிருப்பின் சாவியும் காளவாசலில் எங்கள் வீட்டுச் சாவியும் இப்போது இருக்கின்றன.