காயத்ரி கடைக்குப் போகவில்லை

பிள்ளையார்பாளையத்தில் காயத்ரியோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து முயற்சி செய்து தோற்ற புருஷன் நான் சொல்கிறேன், நம்பலாம். அவள் கம்ப்யூட்டரில் பட்டுப்புடவை டிசைன் போடுவாள். அதன்படி அட்டைகளில் துளை விழும். அந்த அட்டைகளைத் தறியில் பூட்டி நான் நெய்வேன்.

போன ஆடியில் அவளுடைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. டிசைன்களைக் காப்பாற்றிவிட்டோம். ஆனால் அவற்றைத் திறக்கும் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதை எங்களுக்கு விற்ற ஜெபகுமாரிடம் போனோம்.

"அது செத்துப்போச்சும்மா. புதுசு என் கடையில இருக்குது. டிசைனெல்லாம் எடுத்துக்கினு வந்து இங்கயே உக்காந்து வேலை பாரு" என்றார். அதாவது, அவள் போட்டதெல்லாம் இனி அவர் கடை டிசைன். "போயேன், மாசச் சம்பளம் வரும்" என்று நானும் சொல்லித் தொலைத்தேன்.

"என் டிசைன் இன்னொருத்தர் பேர்ல போவாது" என்று எழுந்துவிட்டாள்.

எங்கிருந்தோ ஒரு பழைய லேப்டாப் வாங்கி வந்தாள். அதில் விண்டோஸே இல்லை, லினக்ஸ்தான். வைன் என்று ஒன்றை இலவசமாக இறக்கினாள். லினக்ஸில் ஓடும்போதே விண்டோஸில் ஓடுவதாக அது மென்பொருளை நம்ப வைக்குமாம். "எனக்கும் ஒரு கிளாஸ்" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மென்பொருள் திறந்தது. ஆனால் முந்தானை மயில் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நீண்டு தெரிந்தது. ஃபைல் கெட்டுவிட்டது என்று பதறி, கண்ணுக்கு அழகாகும்வரை மயிலைக் குறுக்கி அட்டை அடித்தாள். நெய்தேன். தறியில் வந்தது வாத்து.

அந்த நேரம் பார்த்தா ஜெபகுமார் வர வேண்டும்? விழுந்து விழுந்து சிரித்தார். "பேசாம கடைக்கு வந்துடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காயத்ரி வாத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். சட்டென்று தலையில் அடித்துக்கொண்டாள். எங்கள் தறியில் குறுக்கே ஓடும் ஊடை இழை நெருங்கி விழும்; அதனால் திரையில் போட்ட ஒவ்வொரு கட்டமும் நெய்யும்போது உயரம் குறையும். கட்டங்களில் நீளமாக இருக்கிற மயில்தான் புடவையில் சரியாக உட்காரும். பழைய கம்ப்யூட்டர் அதைத் தறிக்கணக்குப்படி சுருக்கிக் காட்டியிருக்கிறது. இந்த லேப்டாப் கட்டங்களை உள்ளபடி காட்டியிருக்கிறது.

"கெடலைங்க! ஒரு டிசைனும் கெடல!" என்று அழுதுவிட்டாள்.

குறுக்காத மயிலுக்கு அட்டை அடித்தாள். நெய்தேன். கழுத்தை நிமிர்த்தி நின்றது மயில். அவளே ஜெபகுமாருக்குப் போன் போட்டு வரச் சொன்னாள்.

அவர் தறிமேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இன்னிக்கி ஓடுது. நாளைக்கி நின்னுட்டா என்னாண்ட வரக் கூடாது."

"நின்னா நானே ஓட்டிக்கிறேன்ணா. இதைக் காட்டத்தான் கூப்ட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் எடுத்துச் சொல்லுப்பா. அன்னிக்கி நீதானே கடைக்குப் போகச் சொன்ன?"

"அன்னிக்கி எனக்குப் புத்தியில்லண்ணா. அது அவ மயிலு" என்று சொல்லிவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தேன்.