சிடியா டாப்பூ பதிவேட்டில் பதினோராம் வரி

டிசம்பர் மாதம், சனிக்கிழமை. குட்வில் எஸ்டேட்டில் நான் தங்கியிருந்த அறையின் சன்னலுக்கு ஐந்தே காலுக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிட்டது. குடிநீர் பம்புகளைப் பொருத்துவதற்காகச் சென்னையிலிருந்து வந்திருந்தேன். பத்து நாள் வேலை எட்டு நாளில் முடிந்ததில் இரண்டு நாள் மிச்சம். நடப்பதற்கான இடங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன்: மெரினா பூங்கா, காந்தி பூங்கா, மவுண்ட் ஹாரியட், சிடியா டாப்பூ. விமான டிக்கெட்டில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். டவுன் பஸ்ஸில் ஏறினால் எல்லோருக்கும் அது போர்ட் பிளேர்தான்.

முதல் நாளில் மூன்று இடங்கள் முடிந்தன. இந்த ஊரில் நடைப்பயிற்சி சூரியனோடு தொடங்கி, அது சூடேறுமுன் முடிந்துவிடுகிறது. மெரினா பூங்காவில் ஐந்தே முக்காலுக்குக் கூட்டம்; ஆறே முக்காலுக்கு நானும் இரண்டு நாய்களும்தான். காந்தி பூங்காவில் நீரைப் பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்தேன். பிறகு சாத்தமிலிருந்து பம்பூ பிளாட்டுக்குப் படகில் இருபது நிமிடம். அங்கிருந்து மவுண்ட் ஹாரியட். மேலே காலாபத்தர் வரை போகும் காட்டுப் பாதை இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அட்டைக் கடி மூன்று: இடது காலில் இரண்டு, வலது காலில் ஒன்று.

ஞாயிறு, பகல் 12.15. அபர்டீன் பஜாரிலிருந்து சிடியா டாப்பூவுக்குப் பஸ். தூரம் இருபத்தைந்து கிலோமீட்டர், கட்டணம் முப்பது ரூபாய், பயணம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பர்மா நாலாவைத் தாண்டியதும் சாலை கடலை ஒட்டியே ஓடுகிறது. கைபேசியில் சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைந்து, கடைசியில் இல்லாமலே போயிற்று.

1.40. முண்டா பஹாட் காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு மேசை, அதன் மேல் பதிவேடு, அது பறக்காமலிருக்க ஒரு பவளக் கல். வனக் காவலர் காளிமுத்துவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

“தனியாவா மேடம்? பேரு, ஊரு எழுதுங்க. இங்க அஞ்சு மணிக்கே இருட்டிரும், நாலு மணிக்குள்ள வந்து இதே வரியில டைம் போட்டுக் கையெழுத்துப் போடணும். நான் பேரை வெட்டுவேன். எல்லாப் பேரும் வெட்டுனாத்தான் எனக்கு வீடு.”

பதினோராம் வரியில் என் பெயரை எழுதினேன்.

“இன்னைக்கு நாலரை பஸ்ஸ விடக் கூடாது,” என்றார் அவர். “ஆறு மணிக்கு ஹாடோ ஜெட்டியில ஷிப் வருது. வீட்டுக்காரி மதுரையில முட்டி ஆபரேஷன் முடிச்சு அஞ்சு மாசம் கழிச்சு வர்றா. முன்னாடி ஒருக்கா லேட்டாப் போயிட்டேன். பெட்டி மேலேயே ஒன்றரை மணி நேரம் உக்காந்திருந்தா. ரெண்டு வருஷமா சொல்லிக் காட்டுறா.”

“மூணே முக்காலுக்கே வந்துடுவேன் அண்ணா,” என்றேன். நேரம் தவறாதவள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பாதை ஒன்றரை கிலோமீட்டர். தொடக்கத்தில் வேர்கள் படிக்கட்டுகளாகின்றன. பிறகு செம்மண் ஏற்றம். படௌக் மரங்கள் அத்தனை உயரம், தலையை நிமிர்த்தினால் தொப்பி விழுகிறது. பச்சைக் கிளிகளின் சத்தம் கேட்கிறது, கிளிகள் கண்ணில் படுவதில்லை. 2.30க்கு உச்சி. பாறை விளிம்புக்குக் கீழே கடல் மூன்று நிறங்களில் இருந்தது. கொண்டுபோன இரண்டு ஆரஞ்சுகளில் ஒன்றைத் தின்றேன். செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லாத இருபது நிமிடங்கள். எட்டு நாள் வேலையில் அப்படி இருபது நிமிடம் கிடைத்ததில்லை.

இறங்கும்போது கடல் நீர் உள்வாங்கிக் கடற்கரை அகலமாகியிருந்தது. காட்டுப் பாதையை விட்டுக் கரையோரமாகவே நடந்தால் டீக்கடைக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் நேராகப் போய்ச் சேரலாம் என்று தெரிந்தது. போய்ச் சேர்ந்தேன். மணி 3.40. டீ, இரண்டு சமோசா.

4.30. பஸ்ஸில் ஏழு பேர். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி நகரவில்லை. டிரைவர் மூன்று முறை ஹார்ன் அடித்துவிட்டு, “காளி பாய் கிதர் ஹை?” என்று காளிமுத்துவைத் தேடினார்.

வெளியே போய் விசாரித்துவிட்டு வந்த கண்டக்டர், “வர மாட்டாரு பாய். ஜங்கிள்ல ஒரு ஆளு பாக்கி. டார்ச் எடுத்துட்டு உள்ள போயிட்டாராம்,” என்றார்.

எனக்குப் பக்கத்தில் காலி மீன் கூடையோடு இருந்த அம்மா, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. “எந்த மகராசன் அது? இருட்டப் போவுது, உள்ள என்ன சோலி? மெயின்லேண்டுக்காரனாத்தான் இருப்பான். போட்டோ புடிச்சா அவனுவளுக்கு ஊரு ஞாபகமே வராது. பாவம், அவரு பெண்டாட்டி நொண்டிக்கிட்டு வந்து நிப்பா.”

எனக்கும் அந்த ஆள் மேல் கோபம் வந்தது. நான்கு மணி என்றால் நான்கு மணிதானே. மடியில் வைத்திருந்த தாளில் சிடியா டாப்பூவுக்கு நேரே டிக் போட்டுக்கொண்டே, “யாராம்?” என்று கேட்டேன்.

“தனியாப் போன பொண்ணாம். பச்சை பேக்காம்,” என்றார் கண்டக்டர்.

மீன்கார அம்மா என் காலடியில் இருந்த பையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“எறங்கு,” என்றார். “ஓடு.”

ஓடினேன். பவளக் கல்லின் கீழே பதிவேடு திறந்திருந்தது. பத்து வரிகள் வெட்டப்பட்டிருந்தன, பதினோராவது மட்டும் அப்படியே இருந்தது. காட்டுக்குள்ளிருந்து “மேடம்... மேடம்...” என்ற குரல் தொலைவிலிருந்து வந்தது. நான் கத்தியது அங்கே எட்டவில்லை. உள்ளே ஓட ஓரடி வைத்தேன்.

“நீங்களும் போனா ரெண்டு பேரைத் தேடணும்,” என்று பின்னாலேயே ஓடி வந்த கண்டக்டர் தடுத்தார். தன் விசிலை எடுத்து நீளமாக ஊதினார். நிறுத்தி, மறுபடி ஊதினார். மூன்றாவது விசிலுக்குப் பிறகு அந்தக் குரல் நின்றது.

4.55. காளிமுத்து சட்டை நனைந்து வெளியே வந்தார். முதலில் என் தலை முதல் கால் வரை பார்த்தார்.

“அடி ஒண்ணும் படலையே?”

“இல்லண்ணா. மன்னிச்சுடுங்க. கரை வழியா வந்துட்டேன்.”

“கரை வழியாவா? முதலை போர்டைப் பாக்கலையா?”

“தண்ணியில இறங்காதீங்கன்னுதான் போட்டிருந்தது. நான் இறங்கலை.”

“அது சரி. முதலையும் அந்த போர்டைப் படிச்சிருக்கும்ல?” என்றார். கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

கையெழுத்துப் போட்டேன். அவர் ஸ்கேல் வைத்து என் பெயரை வெட்டினார். அவசரத்திலும் கோடு நேராக இருந்தது.

5.05க்குப் பஸ் கிளம்பியது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மீன்கார அம்மா மட்டும் காளிமுத்துவிடம், “ஷிப்பு என்னைக்கு டைமுக்கு வந்திருக்கு? இன்னைக்குன்னு பாத்தா வந்துரப் போவுது?” என்று ஆறுதல் சொன்னார்.

கப்பல் நேரத்துக்கு வந்துவிட்டது. அபர்டீன் பஜாரில் காளிமுத்து பிடித்த ஆட்டோவில் நானும் ஏறிக்கொண்டேன். “பெட்டி தூக்க ஆள் வேணும்ல,” என்றேன். அவர் நகர்ந்து இடம் விட்டார்.

6.35. ஹாடோ ஜெட்டி வாசலில், பெரிய பெட்டியின் மேல், மடியில் ஊன்றுகோலைக் குறுக்கே வைத்து ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் மெதுவாக, யார் துணையும் இல்லாமல் எழுந்து நின்றார். காளிமுத்து அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இந்தத் தடவை அரை மணி நேரம்தான்,” என்றார் அந்த அம்மா. “தேறிட்டீங்க. யாரு இந்தப் பொண்ணு?”

“இதாலதான் லேட்டு. பேரை வெட்டாம பஸ் ஏறிடுச்சு.”

அந்த அம்மா என்னை ஒரு முறை பார்த்தார். “அப்போ பெரிய பெட்டியை அதுகிட்டயே குடுங்க. உள்ள கிரைண்டர் கல்லு இருக்கு.”

இருந்தது. ஆட்டோ வரை ஐம்பது அடி. நான்கு முறை கீழே வைத்தேன். மீதியிருந்த ஆரஞ்சை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, அடுத்த முறை வந்தால் வீட்டுக்கு வரச் சொன்னார், கரை வழியாக வர வேண்டாம் என்றும் சொன்னார்.

சென்னையில் எங்கள் பகுதிப் பூங்காவில் எட்டு வடிவ நடைபாதை உண்டு, உடற்பயிற்சிக் கருவிகள் உண்டு, இரவு ஒன்பது வரை விளக்கும் உண்டு. மாலை ஆறு மணிக்குப் போய் ஏழுக்கு வெளியே வருகிறேன். நான் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. ஆனாலும் வாசலைத் தாண்டுமுன் ஒரு நொடி நின்று, மேசை எதுவும் போடப்படாத அந்த மூலையைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.