ஏசியில் பட்ட கண்ணூறு

கல்முனை வெக்கைக்குப் பயந்து ஏசி பூட்டி இரண்டு வருடம் கழித்து, என் மகளுக்குத் தும்மலும் மூச்சிழுப்பும் தொடங்கின. மருந்தில் கொஞ்சம் அடங்கும். அறைக்குள் படுத்ததும் திரும்ப வரும். நித்திரையில்லாமல் களைத்துப்போன நான், பெரிய துப்பறிவாளனைப் போல யோசித்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்தேன். நான் அக்கா முறை வைத்துக் கூப்பிடும் அடுத்த வீட்டு ராத்தாதான்! "என்ன குளிர் தம்பி உங்கட வீட்டுக்குள்ள!" என்று ஒருநாள் சொல்லியிருந்தார். கண்ணூறு பட்டுவிட்டது. அவரோடு கதைப்பதையே நிறுத்தினேன்.

ஓதிப் பார்க்கப் பள்ளிவாசல் லெவ்வை ஒருவரை அழைத்து, மகளோடு ஏசிக்குக் கீழே உட்கார வைத்தேன். பாதி ஓதலில் அவரே மூன்று தரம் தும்மினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"இத எப்ப தம்பி கழுவினீங்க?"

"ஏசியயும் கழுவணுமா?"

மூடியைத் திறந்து வடிகட்டியைக் கழற்றினேன். தூசி சாம்பல் நிறக் கம்பளியாகக் கையோடு வந்தது. அதற்குள்ளால் வந்த காற்றைத்தான் என் பிள்ளை இத்தனை நாளும் இழுத்திருக்கிறாள்.

கழுவிப் பூட்டிய சில நாட்களில் அவளுக்கு மூச்சு இலேசானது. எனக்குத்தான் நெஞ்சு முட்டியது. ராத்தாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"என்ட கண்ணூறா?" என்று சிரித்தார். "எனக்குக் கண்ணுல பூ விழுந்து ஆறு மாசம் தம்பி. உங்கட மூஞ்சியே மங்கலாத்தான் தெரியுது."

அல்ஹம்துலில்லாஹ். அன்று என் மூஞ்சி இருந்த இருப்புக்கு அந்த மங்கலே போதும்.