இடது கையால் ஒரு விக்கெட்

என் நாட்குறிப்பில் ஒரு மார்ச் ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பு: "ஆர்.கே.புரம் மைதானம். இரண்டு கையாலும் பந்துவீசிய ஆல்ரவுண்டரைச் சந்தித்தேன்."

மாநில அணியில் பல சீசன் ஆடியவர். நரைத்த மீசை. பேசும்போதும் ஒரு பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருந்தார்.

"பழைய ஸ்கோர்கார்டு சேர்க்கிறீங்களாமே சார்? இடது கையால மேட்சுல ஒரே ஒரு விக்கெட் எடுத்தேன். 'சர்க்கஸ் போதும் பையா'ன்னு கோச் அதோட நிறுத்திட்டார். அது பதிவாகியிருக்கா?"

"எந்தக் கைன்னு அதுல எழுத மாட்டாங்களே சார்."

"அச்சா. அப்போ நான் சொன்னாத்தான் உண்டா?"

அவர் சொன்ன ஆட்டத்தின் ஸ்கோர்கார்டு என்னிடம் இருக்கிறது. அவர் பெயருக்கு நேரே ஒரு விக்கெட்டும் இருக்கிறது. அன்றைய அம்பயரைத் தேடிவருகிறேன். இடது கை என்று எழுத எனக்கும் ஆசைதான். இன்னும் உறுதிப்படவில்லை.