கசாப்புக் கடைக்காரரின் ஆமாம்

"இந்தத் தெருவுல ஒரு தலையக்கூட நனைக்காம விடமாட்டேன். முதல் தலை டான் அனஸ்தாசியோவோடது!"

இப்படி முழங்கிக்கொண்டுதான் எல்டர் விட்லாக், பராகுவேயின் வில்யாரிக்காவில் எங்கள் தெருவுக்குள் கால் வைத்தார். டான் என்றால் ஐயா, எல்டர் என்றால் மூப்பர். மூப்பருக்கு வயது பத்தொன்பது. மீசை வருவதாக வாக்களித்திருந்தது. இன்னும் வந்து சேரவில்லை. ஐடஹோவில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தவரை மார்மன் சபை எங்களைக் கரையேற்ற அனுப்பியிருந்தது. கரையேற வேண்டுமானால் முதலில் தண்ணீரில் இறங்க வேண்டும். தலை முழுக்க அமிழும் ஞானஸ்நானம். நனைப்பது என்று அவர் சொன்னது அதைத்தான்.

மண்டையைப் பிளக்கும் வெயிலிலும் கழுத்துப்பட்டை அவிழாது. கூடவே நிழலாக பொலிவியாக்காரர் எல்டர் மாமானி. இருவரும் பிரிந்து நடக்கக்கூடாது என்பது சபையின் விதி. மாமானி பேசுவது குறைவு, சிரிப்பது அதிகம். சிரிக்க அவருக்குக் காரணமும் நிறைய இருந்தது.

வந்த வாரமே விட்லாக் எங்களோடு தெரேரே குடிக்க உட்கார்ந்தார். பனிக்கட்டித் தண்ணீரில் இலை ஊறும் கொம்புக் குவளை ஒவ்வொருவராகச் சுற்றி வந்தது. குடித்துவிட்டு, பெற்றோர் வளர்த்த லட்சணப்படி, "நன்றி" என்றார். அடுத்த சுற்றில் குவளை அவரைத் தாண்டிப் போயிற்று. அதற்கடுத்த நாளும் தாண்டிப் போயிற்று.

"எனக்கு மட்டும் ஏன் தரமாட்டேங்கிறாங்க, மாமானி?"

"நீதான் போதும்னுட்டியே."

"நான் எங்க சொன்னேன்? நன்றின்னுதான சொன்னேன்!"

"அதத்தான் நானும் சொல்றேன்."

இந்தப் பாடம் சீக்கிரம் ஏறிவிட்டது. அடுத்தது ஏறவில்லை. வீடு தேடி வந்தவன் முகத்துக்கு நேரே 'இல்லை' என்பது எங்களைப் பொறுத்தவரை வாசலில் நிற்க வைத்து அறைவது மாதிரி. ஆகவே எல்லாவற்றுக்கும் ஆமாம்தான்.

டான் அனஸ்தாசியோ இதில் எங்களுக்கெல்லாம் தலைவர். கசாப்புக் கடை, முன்னால் நடக்கும் தொப்பை, அதற்கும் முன்னால் நடக்கும் சுருட்டு.

"சுருட்ட விட்டுடுவீங்களா, டான்?"

"ஆமா மகனே."

"பீரு?"

"அது என்ன பெரிய விஷயம்!"

"ஞாயித்துக்கிழமை ஆலயத்துக்கு வருவீங்கதான?"

"வராம எங்க போறேன்?"

பாறை உருகுகிறது என்று எல்டர் தன் தாய்க்கு மின்னஞ்சல் அனுப்பினார். பாறையோ ஞாயிறு முழுக்கக் கொல்லையில், ஒரு கையில் பீரோடு, விலா எலும்பு வாட்டிக்கொண்டிருந்தது.

"ஒருவாட்டி முடியாதுன்னு சொல்லித் தொலையேன்யா. பாவம் அந்தப் புள்ள," என்றாள் மனைவி நியா பெர்தா.

"கன்னம் செவந்துபோய் நிக்கிற புள்ளகிட்டயா? எனக்கு மாட்டத்தான் வெட்டத் தெரியும், பெர்தா."

அதற்குள் தையற்காரி ஒருத்தியும் அவளுடைய மகள்களும் மெய்யாகவே நம்பி நனைந்திருந்தார்கள். அவர்களை எல்டர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. முதல் தலை உலர்ந்தல்லவா இருக்கிறது!

எல்டர் விட்லாக்குக்கு மாற்றல் வந்தது. அடுத்த புதன்கிழமை வேறு ஊர். செய்தி கேட்ட டான் தானாகவே அவர்கள் அறைக்கு நடந்து போனார். "சனிக்கிழமை நனைச்சிடு மகனே."

சபையார் வைத்த நேர்காணலிலும் எல்லாக் கேள்விக்கும் ஆமாம். அப்பழுக்கில்லாத தேர்ச்சி.

சனிக்கிழமை தெருவே ஆலயத்தில் கூடியது. பக்தி பாதி, பிறகு தரவிருந்த சீபா ரொட்டி பாதி. வெள்ளை அங்கியின் பொத்தான்கள் டானின் தொப்பையோடு மல்லுக்கட்டின. எல்டர் ஞானஸ்நானத் தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கை நீட்டினார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

டான் முதல் படியில் கால் வைத்தார். வைத்ததும், கத்தோலிக்கப் பழக்கதோஷம், சிலுவை போட்டுக்கொண்டு, கழுத்திலிருந்த கன்னித்தாய் பதக்கத்தை முத்தமிட்டார்.

எல்டரின் கை அப்படியே நின்றது.

"டான், இத நீங்க நம்புறீங்களா?"

"ஆமா மகனே."

"இந்த ஊர் ஆமா வேணாம். எங்க ஊர் ஆமாவா சொல்லுங்க."

டான் மனைவியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "நீ வெறுங்கையோட போனா உங்கம்மா என்ன நெனப்பா? தண்ணிதான மகனே. முங்கி எந்திரிச்சிட்டுப் போறேன்."

மாமானியின் முகத்தில் சிரிப்பே இல்லை.

"நம்புறீங்களா, டான்?"

எங்கள் தெரு அதுவரை அவர் வாயிலிருந்து கேட்டிராத சொல் வந்தது. "இல்ல மகனே."

"சரி, போய் உடுப்ப மாத்திக்குங்க. தரை வழுக்கும், பாத்து."

டான் படியை விட்டு விலகும்வரை பார்த்திருந்துவிட்டு, எல்டர் விட்லாக் கழுத்தளவு குனிந்து, தொட்டியின் அடைப்பானைத் தன் கையாலேயே பிடுங்கினார்.