ஏழில் பாதி

"யாரும் பகடையத் தொடக்கூடாது. மொதல்ல விதி" என்று சொல்லிவிட்டுத்தான் லொரெட்டா ஹிக்கி குளிர் அங்கியையே கழற்றுவார். அமெரிக்காவின் டுலூத் நகர நூலகத்தின் கீழ்த்தளத்தில், சனிக்கிழமை மதியங்களில், நாங்கள் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் மாறிப் பகடை உருட்டும் ஆட்டத்தைப் பதினோரு வருடமாக நடத்துகிறவர். மற்ற நாட்களில் நகராட்சியின் பனி வாரும் வண்டி ஓட்டுகிறார். இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். விதிகளையும் அதே குரலில்தான் படிப்பார். அச்சிட்ட விதிப்புத்தகம் அவருக்கு ஆகாது. "எழுதுனவன் அம்பக் கண்ணால பாத்திருக்க மாட்டான்" என்பார். சொந்த விதிகள் நாற்பது, ஒரு நீல நோட்டில்.

எட்டாவது விதி: கவசம் துளைக்கும் அம்பு பட்டால், கவசம் தன் புள்ளியில் பாதி அளவு அடியைத்தான் தாங்கும்.

போன வாரம் பனிப்புயல். லொரெட்டா வண்டியில் இருந்ததால், நோட்டைக் கர்ட்டிடம் கொடுத்து ஆட்டத்தை நடத்தச் சொல்லியிருந்தார். கர்ட், காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக்களில் ஓட்டை தேடுகிறவன். அன்று வெண்டலின் வீரன்மேல் அம்பு பாய்ந்தது. கவசம் ஏழு, பாதி மூன்றரை. கர்ட் மூன்று என்றான்; வீரன் செத்தான். நான்கு என்றிருந்தால் ஒரு புள்ளி உயிர் மிஞ்சியிருக்கும். தபால்காரர் வெண்டல் ஆறு வருடமாக வளர்த்த வீரன். அவனுடைய புள்ளிகள் எழுதிய தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். நாங்களும் வாய் திறக்கவில்லை.

இந்தச் சனிக்கிழமை விஷயம் தெரிந்ததும் லொரெட்டாவுக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது.

"மூணா? எவன்டா சொன்னான் மூணுன்னு? அரை வந்தா அடி வாங்குறவன் பக்கம்தான் ஏத்தணும். பதினோரு வருஷமா தொண்ட கிழியக் கத்துறேன்!"

"கத்துனீங்க. எழுதலையே," என்றான் கர்ட். "நோட்டுல காட்டுங்க பாப்போம்."

புரட்டினார். உண்மையிலேயே இல்லை.

"சரி, எழுதாதது என் தப்பு. ஆனா எதுத்தாப்புல உக்காந்திருந்த மனுஷன் மூஞ்சியப் பாத்தியாடா நீ? ஒரு ஃபோன் பண்ணியிருக்கக் கூடாது? ஆளக் கொல்ல அவ்வளவு அவசரம்!" எங்கள் பக்கம் திரும்பினார். "ஒங்க வாயில என்ன, சீஸ் கட்டியா?"

"செத்தது செத்ததுதான் லொரெட்டா," என்றான் கர்ட். "அவன் வாளக்கூட என் ஆளு எடுத்துக்கிட்டான்."

"திருப்பிக் குடு. வெண்டல், தாள எடுங்க. ஒங்க ஆளு சாகல. ஒரு புள்ளியோட மயங்கிக் கெடக்கான்."

வெண்டல் தாளை மேசையில் விரித்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார்.

லொரெட்டா கொட்டை எழுத்தில் எழுதினார்: 'பாதியில் அரை வந்தால் மேலே ஏற்று.' நோட்டைக் கர்ட்டின் முன் தள்ளினார். "ஓட்டை தேடுறதுதான ஒம் பொழப்பு? தேடு."

கர்ட் நிதானமாகப் பார்த்தான். "கவசமே ஒண்ணுதான்னா? பாதி அரை. மேல ஏத்துனா திரும்ப ஒண்ணு. அப்போ கவசம் துளைக்கிற அம்பு, வெறும் தோல்சட்டையக்கூடத் துளைக்காது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லொரெட்டா சிரிக்கவில்லை. நோட்டை வெடுக்கென்று பிடுங்கி, பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுத்து, அடுத்த வரியை எழுதத் தொடங்கினார்.